நஞ்சியின் பின்புலம்

நாற்பதாவது வயதில் நஞ்சிக்கு இருபத்தைந்து ஆண்டு வனத்துறை அனுபவம் கிடைத்தது. ஒரே பிற்பகலில் கிடைத்தது. கோவையில் ஒரு மருத்துவமனையின் மாடியில், நெற்றியைச் சுற்றிக் குளிர்ந்த வளையம் ஒன்றை மாட்டிக்கொண்டு படுத்திருந்தாள். எழுந்து உட்கார்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே ஒரு வாகை மரம் தெரிந்தது. இது எத்தனை கன அடி தேறும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதுவரை வாகையைப் பார்த்தால் அதன் பூவின் வாசனைதான் நினைவுக்கு வரும்.

பொறையர் மலைக்குத் தனி நீதிமன்றம் வேண்டும் என்று அந்த மக்கள் ஒரு தலைமுறைக் காலம் போராடியிருந்தார்கள். எங்கள் நிலத் தகராறை எங்கள் ஆட்களே விசாரிக்க வேண்டும், கீழேயிருந்து வரும் துரைமார்கள் வேண்டாம் என்பது கோரிக்கை. கடைசியில் சட்டம் வந்தது. மூன்று நீதிபதிகளும் பொறையராகவே இருக்க வேண்டும் என்று முதல் பிரிவு சொன்னது. ஒவ்வொருவருக்கும் நீதி, நிர்வாகம், நிலம், காடு ஆகிய துறைகளில் ஏதாவது ஒன்றில் இருபது ஆண்டு தொழில் பின்புலம் இருக்க வேண்டும் என்று இரண்டாம் பிரிவு சொன்னது. மலையில் அப்படி ஒருவர்கூட இல்லை. நஞ்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினைந்து வருஷம் நர்ஸாக இருந்தவள். அது பின்புலத்தில் சேராது என்று தேர்வுக் குழு சொல்லிவிட்டது. பிறகு அந்தக் குழுவே வழியும் சொன்னது.

“பயப்பட ஒண்ணுமில்லைங்க” என்றார் டாக்டர் மீனலோசனி. “ஒருத்தர் வாழ்க்கை பூராவும் செஞ்ச வேலை, அவங்க மூளையில ஒரு தடமாப் பதிஞ்சிருக்கும். அந்தத் தடத்தை மட்டும் எடுத்து உங்களுக்கு வைக்கிறோம். பேரு, முகம், குடும்பம் எதுவும் வராது. வடிகட்டிடுவோம். வேலை மட்டும் வரும்.”

“யாரோட வேலைங்க?”

“அதைச் சொல்லக் கூடாதுங்க. ஓய்வு பெற்ற ஒரு அதிகாரி தானா முன்வந்து குடுத்தது. ரத்ததானம் மாதிரின்னு வெச்சுக்குங்க.”

மேல்பொறையில் தகரக் கூரை போட்ட புதுக் கட்டடத்தில் நீதிமன்றம் திறந்தது. வாசலில் ஒரு பளிங்குப் பலகை. திரு. ரங்கன், பின்புலம்: மாவட்ட நீதிபதி. திரு. மாசணன், பின்புலம்: நில அளவை. திருமதி நஞ்சி, பின்புலம்: வனத்துறை. ரங்கன் அதற்கு முன் தேன் கூட்டுறவுச் சங்கத்தில் எடை போட்டவர். மாசணன் ஜீப் டிரைவர். திறப்பு விழா அன்று மலை முழுக்கத் திரண்டு வந்து அந்தப் பலகையைத் தொட்டுப் பார்த்தது. நம்ம பேரு கல்லுல ஏறிடுச்சு என்று கிழவர்கள் அழுதார்கள்.

முதல் ஆறு மாதம் எல்லாம் நன்றாகவே நடந்தது. மேய்ச்சல் தகராறு, தேன் பாறைக் குத்தகை, எஸ்டேட் வேலி. வனத்துறை வக்கீல் பேசும்போது அவர் எதை மறைக்கிறார் என்று நஞ்சிக்குச் சட்டென்று தெரிந்துவிடும். அவர்கள் வேலை செய்யும் விதம் அவளுக்குள்ளேயே இருந்தது. அவள் கேட்கிற கேள்விக்கு வக்கீல்கள் திணறினார்கள். இதற்குத்தானே இத்தனையும் என்று அவள் நினைத்தாள்.

வீட்டில்தான் அவள் புருஷன் பெள்ளன் ஒருநாள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான். “நீ காட்டைப் பார்க்கிற பார்வை சரியில்ல.”

“என்ன பார்வை?”

“நேத்து ஓடைக்கு வந்தியே, எதிர்ல விறகு தூக்கிட்டு நம்ம பிள்ளைங்க வந்துச்சு. நீ நின்னு பாத்தே. அதுங்க விறகைக் கீழ போட்டுட்டு ஓடிடுச்சு.”

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“சொல்லலைதான்” என்றான் பெள்ளன். “அதுங்களுக்கு அந்தப் பார்வை தெரியும்.”

அடுத்த மாதம் கல்லூற்று வழக்கு வந்தது.

வழக்குப் போட்டவன் மருதன். நஞ்சியைவிட நாலைந்து வயது மூத்தவன், சாலையோரப் புறம்போக்கில் குடிசை போட்டுக் கூலி வேலைக்குப் போகிறவன். கல்லூற்று என்ற இடத்தில் தங்கள் ஊர் இருந்தது, தான் சிறுவனாக இருந்தபோது வனத்துறை ஊரைக் கொளுத்தி எல்லோரையும் லாரியில் ஏற்றிக் கீழே இறக்கிவிட்டது, அந்த நிலம் திரும்ப வேண்டும் என்பது அவன் வழக்கு. அரசு வக்கீல் நிதானமாகப் பேசினார். கல்லூற்றில் ஊர் எதுவும் இருந்ததே இல்லை. அளவைப் படத்தில் இல்லை, வானிலிருந்து எடுத்த படங்களில் தைலமரக் காடுதான் தெரிகிறது, மண்ணைத் தோண்டிப் பார்த்தும் ஓர் அடுப்புக் கல்கூடக் கிடைக்கவில்லை. மனுதாரர் சொல்வது கதை.

மருதன் கூண்டில் நின்று கையைக் கட்டிக்கொண்டு பேசினான். “ஊத்துக்குக் கிழக்கால ஒரு பலா மரம் இருந்துச்சுங்க. அதுக்கு அந்தப் பக்கம் எங்க வீடு.”

மேற்கே, என்றது நஞ்சியின் மனம்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். ஊற்றுக்கு மேற்கே பலா. அதை அடியோடு வெட்டி, வேரைப் பிடுங்கி, குழியை மூடச் சொல்லியாயிற்று. பலா என்றால் யாரோ நட்டது என்று பின்னால் எவனாவது சொல்வான். வீட்டுக் கற்களை உடைத்துச் சாலைக்குப் போட்டாயிற்று. மண்ணை உழுது தைலம் நட்டாயிற்று. மழைக்கு முன் முடித்தால்தான் கரி மண்ணோடு கலக்கும். ஒவ்வொன்றாக, ஒரு வேலையைச் சரியாக முடித்தவனின் நிதானத்தோடு, அது அவளுக்குள் எழுந்து வந்தது. கூரைப் புல் எரிகிற வாசனை வந்தது. அதன் பின்னாலேயே ஒரு திருப்தி வந்தது. அதுதான் அவளைக் கொன்றது. விசாரணை பாதியில் இருக்கும்போதே எழுந்து வெளியே போனாள்.

மதிய இடைவேளையில் ரங்கனின் அறைக்குப் போனாள். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். ரங்கன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். தேன் எடை போட்ட காலத்தில் அவர் கண்ணாடி போட்டதில்லை.

“ரங்கண்ணா, ஊரு இருந்துச்சு. என் கண்ணுல நிக்குது. எந்த வீடு எங்க இருந்துச்சுன்னு நான் காட்டுவேன்.”

“என் அம்மா பிறந்ததும் கல்லூத்துலதான்” என்றார் ரங்கன். “ஊரு இருந்துச்சுன்னு நீ சொல்லித்தானா எனக்குத் தெரியணும்?”

“அப்ப எழுதிடலாமே.”

“எனக்குத் தெரியும்கிறது தீர்ப்பு ஆகாது நஞ்சி. நீதிபதிக்குத் தெரிஞ்சது சாட்சியம் இல்ல. அதுவும் உனக்குத் தெரிஞ்சது உன்னுதே இல்ல. பின்புலம் எடை போட்டுப் பாக்கறதுக்கு, செய்தி சொல்றதுக்கு இல்லைன்னு சட்டத்துலயே இருக்கு.” அவர் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். “மருதனோட மனுவை வெச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க உக்காந்து பார்த்தேன். அவனுக்குச் சாதகமா ஒரு வரி எழுதப் போனா, கை நின்னுடுது. ஆதாரம் எங்கேன்னு கேக்குது. முப்பது வருஷம் அப்படியே கேட்டுப் பழகின கை.”

“அந்தக் கை உன்னுது இல்லண்ணா.”

“இப்ப என்னுதுதான்” என்றார் ரங்கன்.

நஞ்சி கதவுவரை போய்த் திரும்பினாள். பிறகு கேட்டாள். “அந்த ஆபீசரே வந்து சொன்னா?”

ரங்கன் நிமிர்ந்தார். “அது சாட்சியம். மறுக்க முடியாது. ஆனா யாருன்னு உனக்குத் தெரியாதே.”

பெயரும் முகமும்தான் வரவில்லை. வேலை வந்திருந்தது. எந்தச் சரகத்தில் எந்தக் காலத்தில் இருந்தோம் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் அந்தச் சரகத்தில் ரேஞ்சராக இருந்தவர் ஒருவர்தான். வனத்துறையில் வாட்ச்சராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் கேட்டாள். சீதாபதி ஐயா, தங்கமான மனுஷன், அடிவாரத்துல வீடு கட்டிட்டு மகளோட இருக்காரு என்று அவர் சொன்னார்.

மறுநாளே நஞ்சி பஸ் ஏறிக் கீழே போனாள். போகும் வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்தாள். திட்டுவதா, கெஞ்சுவதா. ஒரு விஷயத்தில் அவளுக்கு நம்பிக்கை இருந்தது. அந்த வேலையின் அடியில், திருப்திக்கும் கீழே, இன்னொன்று இருப்பதை அவள் உணர்ந்திருந்தாள். ராத்திரியில் அது எழுந்து வரும். எரிகிற ஊரைத் திரும்பத் திரும்பப் பார்க்கும். அந்த மனிதர் தூங்கியிருக்க மாட்டார். தூங்காதவர் என்றால் பேசுவார்.

வீட்டு முற்றத்தில் ரோஜாத் தொட்டிகள் வரிசையாக இருந்தன. வெள்ளைப் பனியன் போட்ட கிழவர் ஒருவர் பூவாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “வாங்கம்மா, வெயில்ல வந்திருக்கீங்க, உள்ள வாங்க” என்றார். மகள் வசுமதி மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“கல்லூத்துப் பத்திக் கேக்க வந்தேனுங்க” என்றாள் நஞ்சி.

“எந்த ஊருங்க அது?”

“நீங்க ரேஞ்சரா இருந்த இடம்.”

அவர் உண்மையாகவே யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, தொலைந்த சாவியைத் தேடுகிறவர்போல. பிறகு கூச்சத்தோடு சிரித்தார். “மன்னிச்சுக்கணும். நான் காட்டு இலாகாவுல இருந்தேன்னு வசு சொல்லும். அவ்வளவுதான் தெரியும். நல்ல வேலைதான் பார்த்தேனாம். விருதுகூடக் குடுத்திருக்காங்க, அதோ மாட்டியிருக்கு.”

நஞ்சி வசுமதியைப் பார்த்தாள். வசுமதி அவளைக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனாள்.

“நீங்க யாருன்னு இப்பப் புரியுதுங்க” என்றாள். “அப்பாவோடது உங்களுக்குத்தான் வந்திருக்கா?”

“ஒரு பிரதி எடுத்தாங்கன்னு நினைச்சேன்.”

“பிரதியெல்லாம் எடுக்க முடியாதாம். தடத்தை எடுத்தா இங்க இருந்து போயிடும். டாக்டர் முதல்லயே சொல்லிட்டாங்க. அப்பா அதைக் கேட்டுட்டு உடனே கையெழுத்துப் போட்டார்.” வசுமதி கொடியில் காய்ந்த துணியைக் காரணமில்லாமல் மடித்தாள். “உங்களுக்குச் சொன்னா என்ன. நான் சின்னப் பிள்ளையா இருந்ததுல இருந்து அவர் ராத்திரி தூங்கிப் பார்த்ததில்ல. எந்திரிச்சு முத்தத்துல நடந்துட்டே இருப்பார். எரியுது எரியுதும்பார். அம்மா அந்தக் கவலையிலேயே போயிட்டாங்க. தானம் குடுத்த அன்னிக்கு வந்து படுத்தார் பாருங்க, மறுநாள் உச்சி வெயில் வரைக்கும் தூங்கினார். அதை வாங்கிக்கிட்ட பெரிய மனசுக்காரங்க யாரோ, அவங்க நல்லா இருக்கணும்னு நான் சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன்.”

நஞ்சி திரும்பி நடந்தாள். முன்பக்கம் வந்தபோது சீதாபதி ஒரு ரோஜாவைப் பறித்து வைத்திருந்தார். “தலையில வெச்சுக்கங்கம்மா” என்று நீட்டினார். அந்தக் கண்களில் கள்ளம் இல்லை. குழந்தையின் கண்கள். அவளுக்குள் இருந்த ஏதோ ஒன்று அந்தக் கண்களை வெறியோடு பார்த்தது. என்னை இங்கே தள்ளிவிட்டு நீ தூங்குகிறாயா என்று கேட்டது. அப்படிக் கேட்டது தானா அல்லது அவர் விட்டுவிட்டுப் போனதா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பூவை வாங்கிக்கொண்டாள். வேறென்ன செய்ய.

வழக்கு மீண்டும் வந்த அன்று நஞ்சி நீதிபதி நாற்காலியில் உட்காரவில்லை. கூண்டில் ஏறினாள். எனக்குள் இருக்கும் பின்புலம்தான் கல்லூற்றைக் கொளுத்தியது என்று சொல்லி, கொளுத்தியதைச் சொல்லி, உழுததைச் சொல்லி, சாலையில் போட்ட கல்லைச் சொல்லி முடித்தாள். அரசு வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. கொடுத்தவருக்கு நினைவில்லை, பெற்றவர் அங்கே இருந்ததில்லை, ஆகவே இதைப் பார்த்த சாட்சி என்று யாருமே இல்லை என்றார். மாசணன் அளவைப் படத்தில் அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

ரங்கன் தீர்ப்பை வாசித்தார். அழகான தீர்ப்பு. மனுதாரரின் துயரத்தை இந்த மன்றம் உணர்கிறது என்று ஆரம்பித்து, உணர்வு ஆதாரமாகாது என்று முடிந்தது. வழக்குத் தள்ளுபடி. பின்புலத்தின் ரகசியத்தை உடைத்ததற்காக நஞ்சியைப் பதவியிலிருந்து நீக்கப் பரிந்துரை. வாசிக்கும்போது ரங்கனின் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. குரல் மட்டும் ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

ஒரு வாரம் கழித்து டாக்டர் மீனலோசனி தொலைபேசியில் கூப்பிட்டார். “பதவி போனா பின்புலத்தைத் திருப்பிக் குடுத்துடலாங்க. உங்க விருப்பம்தான், கட்டாயம் இல்ல. புதுசா வர்ற நீதிபதிக்கு அதை வெச்சுடுவோம். உங்களுக்கும் நிம்மதி. அன்னிக்கு ராத்திரியே தூக்கம் வந்துடும்.”

“குடுத்துட்டா எனக்குக் கல்லூத்து மறந்துடுமா?”

“அப்படி ஒரு ஊரைப் பத்திப் பேசினீங்கன்னு அடுத்தவங்க சொல்லித்தான் தெரியும்.”

“வாங்கிக்கப் போறவங்க யாருங்க?”

“கீழ்ப்பொறையில ஒரு பொண்ணு. நல்லாப் படிச்சிருக்கு. ரொம்ப ஆர்வமா இருக்கு.”

நஞ்சி யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். அன்றும் தூங்கவில்லை. பெள்ளன் பக்கத்தில் படுத்திருந்தவன், “குடுத்துடு, எனக்கு நீ வேணும்” என்றான். விடிந்ததும் சாலையோரம் போய் மருதனைக் கூப்பிட்டாள். “வா அண்ணா. காட்டறேன்.”

தைலமரங்களுக்கு நடுவே அவள் முன்னால் நடந்தாள். டாக்டர் கூப்பிட்டதையும் கீழ்ப்பொறைப் பெண்ணையும் பற்றிப் போகும் வழியில் அவனிடம் சொன்னாள். ஊற்று வற்றி ஈரம் மட்டும் இருந்தது. அங்கே நின்று கையை நீட்டி, பலா இங்கே, களம் இங்கே, ஆட்டுப் பட்டி இங்கே என்று காட்டினாள். வீடு வீடாகப் போனாள். மருதன் ஒவ்வோரிடத்திலும் ஒரு குச்சியை ஊன்றினான். சில இடங்களில் ஆமா ஆமா என்று முனகினான். ஒரு வீட்டின் வாசலில் அவள் நின்றுவிட்டாள்.

“இது?” என்றான் மருதன்.

“இங்க ஒருத்தர் கதவு நிலையைப் புடிச்சுக்கிட்டு வர மாட்டேன்னார். முகம் எனக்குத் தெரியாது. இடது கையில காப்பு போட்டிருந்தார்.”

மருதனின் கை குச்சியோடு நின்றது. “எங்கப்பா. லாரியில வரும்போது காய்ச்சல் கண்டு செத்துட்டார்னு சொன்னாங்க.”

பொய் சொல்ல அவளுக்கு ஒரு கணம் இருந்தது. நர்ஸாக இருந்த காலத்தில் எத்தனையோ பேரிடம் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஆனால் அவள் பொய் சொன்னால், இந்த உண்மை உலகத்தில் வேறெங்கும் இல்லை.

“காய்ச்சல் இல்ல” என்றாள். “கையை விடலைன்னு தடியால கையில அடிச்சாங்க. அப்புறமும் விடலை. தலையில அடிக்கச் சொல்லிக் கண்ணால காட்டினது நான்.”

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. திருத்த வாய் எடுத்தாள். அவர் என்று சொல்ல நினைத்தாள். வரவில்லை.

மருதன் அவளை நெடுநேரம் பார்த்தான். அழவும் இல்லை, கையை ஓங்கவும் இல்லை. கீழே உட்கார்ந்து அந்த மண்ணைக் கொஞ்சம் அள்ளி, வேட்டி நுனியில் முடிந்துகொண்டான்.

“அந்தப் புள்ளைக்கு இதைக் குடுத்துடாதே” என்றான். “கீழ்ப்பொறைப் புள்ளைக்கு.”

“குடுக்க மாட்டேன்.”

“நாளைக்கு எங்க ஆளுங்க எல்லாரையும் கூட்டிட்டு வரேன். இதே மாதிரி எல்லாத்தையும் சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு.” எழுந்து நின்றான். “சொல்லி முடிச்சதும் போயிடு. எங்க குடிசைப் பக்கம் இனிமே வராதே.”

மறுநாள் அவர்கள் வந்தார்கள். பெண்களும் பிள்ளைகளுமாக நாற்பது ஐம்பது பேர். ஊன்றிய குச்சிகளைத் தேடி அவரவர் வீட்டு இடத்தில் உட்கார்ந்தார்கள். யாரும் அவளுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. ஒரு பெண் தன் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, நஞ்சியின் முகத்தைப் பார்க்காதபடி அதன் தலையைத் திருப்பிவிட்டாள். நஞ்சி ஊற்றடியில் தனியாக நின்று தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஊரில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தபோது ஜீப் எந்தப் பக்கமாக வந்தது என்பதிலிருந்து ஆரம்பித்தாள்.